இன்றைக்குப் போனானா?

எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அதிகமாகப் பேசிக்கொண்ட விஷயம் எது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நாய் ஒன்றுக்குப் போனதா, இரண்டுக்குப் போனதா, போனதென்றால் எப்படிப் போனது என்பதுதான் அது. சமையல், சினிமா, சொந்தக்காரர்களின் சண்டை எல்லாம் அதற்கு அப்புறம்.

காரணம் ஷிப்ட். நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் இருக்கிறேன். அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவாக இருக்கட்டும் என்று வல்லக்கோட்டையில் வாடகைக்கு வீடு பிடித்தோம். வீடு நடுவில்தான் இருந்தது. நாங்கள்தான் அதில் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. எனக்கு ஏ ஷிப்ட் வரும் வாரம் அவளுக்கு பி ஷிப்ட் வரும். விடியும் முன்பு நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். மதியம் நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவளுடைய பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ராத்திரி அவள் திரும்பி வரும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன் என்கிறாள். குறட்டையை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நாயைக் கொண்டுவந்தது அவள்தான். சத்திரத்து பஸ் ஸ்டாப்பில், டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் மழையில் நனைந்துகொண்டிருந்ததாம். டிபன் பாக்ஸ் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். செம்மண் நிறம், நாலு காலிலும் வெள்ளை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நாமளே வூட்ல தங்கறது இல்ல. இத யாரு பாத்துக்குவா?" என்றேன்.

"ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வூட்லதான கீறோம்? இந்த பாழாப்போன ஷிப்ட் அதுக்காவது ஒதவட்டும்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. ஒரே வாரத்தில் அவன் என் செருப்பின் மேல் தலைவைத்துத் தூங்க ஆரம்பித்தான். அப்புறம் கோபம் எங்கிருந்து வரும்?

கம்பெனியில் ஹேண்ட் ஓவர் என்று ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து போகிறவர் வருகிறவரிடம் மெஷின் எப்படி ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நாங்கள் நாயை அப்படித்தான் கைமாற்றிக்கொண்டோம். போனில் வாய்ஸ் மெசேஜ். அவள் கிளம்பும் முன் ஒன்று அனுப்புவாள், நான் தூங்கப் போகும் முன் ஒன்று அனுப்புவேன். கல்யாணமான புதிதில் நாங்கள் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களில் வேறு சங்கதிகள் இருந்தன. அவன் வந்த பிறகு எல்லாம், "காலைல ரெண்டு வாட்டி ஒன்னுக்கு, ஒரு வாட்டி வெளிக்கி, கெட்டியா கீது" என்று மாறிவிட்டது. அவள் குரலைக் கேட்பதற்கு எனக்கு அதுவும் போதுமானதாக இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லே அவுட் இருக்கிறது. புல் முளைத்த மனைகள், மனைக்கு மனை மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். அதில் எங்களுக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. அவனுக்கு முழுவதும் சொந்தம். ஒவ்வொரு கல்லாக மோந்து பார்த்து, காலைத் தூக்கி, கொஞ்சமாக விட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போவான். முதலில் எனக்கு எரிச்சலாக வரும். ஒரே இடத்தில் முடித்துத் தொலைத்தால் என்ன என்று கத்துவேன். ஆண் நாய்க்கு அதுதான் இயல்பு, அது மூத்திரம் மட்டுமில்லை, விலாசம் எழுதிவைப்பது என்று போகப் போகப் புரிந்துகொண்டேன். இரண்டுக்கு உட்காரும் முன்பு பத்திரம் முடிக்க வந்தவன் மாதிரி இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். உட்கார்ந்தபின் என் முகத்தையே பார்ப்பான். காவலுக்கு ஆள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்கிறானாம். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு அவள் சொன்னாள். அன்றிலிருந்து நானும் அவன் முடிக்கும்வரை அக்கம்பக்கத்தை முறைத்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.

அவன் உடம்பு எங்களுக்குப் பாடமானது இப்படித்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, காகிதத்தில் எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். ஈரல் சாப்பிட்டால் மறுநாள் கறுப்பாக, இளக்கமாக இருக்கும். புல்லைத் தின்றுவிட்டு எப்போதாவது மஞ்சளாகக் கக்குவான், கக்கிவிட்டு வாலை ஆட்டினால் பயப்பட வேண்டியதில்லை. வெயில் காலத்தில் மூத்திரம் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர்ச் சட்டியைப் பார்க்க வேண்டும். ஒருநாள் அவளிடமிருந்து அழுகைக் குரலில் மெசேஜ் வந்தது: "வெளிக்கி போனது செகப்பா கீது. ரத்தம்னு நெனைக்கிறேன். எனக்கு பஸ் வந்துடுச்சி, நீ சீக்கிரம் வா." நான் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சட்டி பளபளவென்று நக்கப்பட்டிருக்கிறது. அவன் வாயெல்லாம் பல்லாக நிற்கிறான். அதைச் சொல்லி அவளை நான் பல மாதம் கிண்டல் செய்தேன்.

கம்பெனி ஹேண்ட் ஓவரில் இன்னொரு சங்கதியும் உண்டு. லைன் எப்படி என்று சூப்பர்வைசர் கேட்டால் எல்லாரும் ஓகே என்பார்கள். ஓகே இல்லை என்று சொல்லிவிட்டால் கோளாறு எது என்று நின்று காட்ட வேண்டும், மெயின்டனன்ஸ் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும், பஸ் போய்விடும். அதனால் மெஷின் தீப்பிடித்து எரியாதவரை ஓகேதான். வந்தவரும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, போனவர் ஓகே என்றாரே என்று விட்டுவிடுவார். அவர் முறை வரும்போது அவரும் ஓகே என்பார். நானும் அவளும் வேறு வேறு கம்பெனியில் இருந்தாலும் இந்தப் பழக்கம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம் என்பது எங்களுக்கே தெரியாது. நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று நான் நினைப்பேன். விடியுமுன் எழுந்து போகிறவரை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று அவள் நினைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் முதல் கல்லருகே போய் காலைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. அடுத்த கல்லிலும் அப்படியே. அப்புறம் பெட்டை நாய் மாதிரி பின்பக்கத்தைத் தாழ்த்தி உட்கார்ந்து முக்கினான். முக்குவதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன வாரம் போட்ட ஆட்டெலும்பு வேலையைக் காட்டுகிறது, மலச்சிக்கல். வீட்டுக்கு வந்து வாழைப்பழம் ஊட்டினேன், சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து வைத்தேன். அவளுக்கு, "ரெண்டும் போயிட்டான், எல்லாம் ஓகே. நீ சாப்ட்டு தூங்கு" என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததைப் பின்னாடிதான் நாங்கள் கோத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அவள் வேலை முடிந்து வந்து அவனை வெளியே கூட்டிப்போனாள். உட்கார்ந்தான், ஒன்றும் வரவில்லை. சாயங்காலமே எல்லாம் போய்விட்டானே, இனி என்ன இருக்கப்போகிறது என்று திரும்பிவிட்டாள். என் போனுக்கு, "போயிட்டான், ஓகே" என்று ஒரு மெசேஜ். விடியற்காலையில் நான் கூட்டிப்போனேன். சொட்டு கூட இல்லை. ராத்திரிதானே போயிருக்கிறான் என்று நானும் திரும்பினேன், "ஓகே" என்று அனுப்பினேன். சனிக்கிழமை பகலில் அவள் அதையே செய்தாள், சாயங்காலம் நான் அதையே செய்தேன். அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் கல்லருகே காலைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். கேட்க வேண்டிய மொழியில்தான் கேட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். அன்றைக்கு ஓகே சொல்ல ஆளில்லை. சங்கிலியை எடுத்தால் எங்கிருந்தாலும் பாய்ந்து வருகிறவன் பாத்ரூம் தரையில் படுத்துக்கிடந்தான். ரஸ்க்கை மூக்கருகே நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் கக்கினான். அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தபோது வீலென்று கத்தினான். அவன் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

"வயிறு கல்லு மாதிரி கீது. ஆட்டோ புடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அரசாங்க மாட்டாஸ்பத்திரி பூட்டியிருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் நாய்களுக்கென்று இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம். கோயிலுக்கு வந்த வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அவள் மடியில் அவன் தலை. வழியெல்லாம் அவள் அவன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன்னால் போகும் ஒவ்வொரு வண்டியையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் அம்மா அவனை மேஜையில் கிடத்தி வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"கடைசியா எப்போ யூரின் போனான்?"

"நேத்து" என்றோம் இரண்டு பேரும்.

"நேத்து எப்போ?"

"சாயந்தரம். இவருதான் கூட்டிகினு போனாரு" என்றாள் அவள்.

"நைட்டு நீ கூட்டிகினு போனியே" என்றேன் நான்.

"நீ போயிட்டான்னு சொன்ன. அதான் நான்..."

"நீ சொன்னதாலதான் காலைல நான்..."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "ஒரு நிமிஷம். உங்க ரெண்டு பேர்ல யாராவது, கண்ணால பாத்தீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன். அந்த அறையில் பொய் சொல்லாத ஒரே ஜீவன் அவன்தான்.

மூத்திரப்பையில் கல் உண்டாகி, பொடிக்கல் ஒன்று வழியில் இறங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். ஆண் நாய்க்கு அந்தக் குழாய் மெலிது. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்துப் பழம் கொடுத்துவிட்டு நிறையப் பேர் வருகிறார்களாம். அப்படி வருகிறவர்களில் சில பேர் லேட்டாக வந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். அடைப்பு எடுபட்டால் பிழைப்பான், எடுபடாவிட்டால் பை வெடித்துவிடும், கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை. இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். என் காதில் மட்டும் பிரஸ் மெஷின் இறங்குகிற சத்தம் மாதிரி விழுந்தது.

ஊசி போட்டு மயக்கி, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார். போகவில்லை. எடுத்துவிட்டு, தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார். மறுபடி செலுத்தினார். நான் அவன் முன்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வெள்ளைக் கால். நீ பிழைத்துவிட்டால் எத்தனை கல்லுக்கு வேண்டுமானாலும் கூட வருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று கீழே வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் சத்தம் கேட்டது. முதலில் ரத்தம் கலந்து வந்தது, அப்புறம் டீத்தண்ணி நிறத்தில் வந்தது, வந்துகொண்டே இருந்தது. தட்டை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. அவள் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து, போன் பேசுகிற மாதிரி காதில் வைத்துக்கொண்டு அழுதேன்.

குழாயை மறுநாள்தான் எடுத்தார்கள். எடுத்த பிறகு அவன் தானாகப் போக வேண்டும், போனால்தான் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார் டாக்டர். இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு கிளினிக் வாசலில் அவனோடு நின்றோம். மரத்தடியைக் காட்டினோம், வேண்டாம் என்றான். கரண்டுக் கம்பத்தைக் காட்டினோம், மோந்துவிட்டு விலகினான். அந்த நேரம் பார்த்து ஒருவர் புது பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாலை போட்டு, குங்குமம் வைத்து, நேராகக் கோயிலிலிருந்து வருகிற வண்டி. நம் ஆள் நேராகப் போய் பின் டயரில் காலைத் தூக்கினான். கோடு போட்ட மாதிரி போனது.

"இன்னாம்மா இது, இப்பதான் பூஜ போட்டுக்கினு வரேன்" என்றார் வண்டிக்காரர்.

"கோச்சிக்காதீங்கண்ணா. ரெண்டு நாளா போகல, செத்துப் பொழச்சிருக்கான்" என்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

அவர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். "அப்ப முடிக்கட்டும்" என்று வண்டியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அண்ணன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிறையச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சோற்றிலேயே தண்ணீர் கலந்து கொடுங்கள். அடக்கி வைக்க விடாதீர்கள், வந்தால் உடனே போக வேண்டும். அடக்க அடக்கத்தான் கல்லும் கிருமியும் சேரும். எரிச்சல் இருந்தால் நக்கிக்கொண்டே இருப்பான், அப்போதே கூட்டிவாருங்கள். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு ஆட்டோவில் வரும்போதே பேசி முடித்தோம். இனிமேல் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்வது. போகவில்லை என்றால் போகவில்லை. அடுத்தவர் தூக்கம் கெட்டால் கெடட்டும். அதன்பிறகு வந்த மெசேஜ்கள் எல்லாம் அவ்வளவு விவரமாக இருக்கும். "மூணாவது கல்லுல நல்லா போனான், கலரு வெளுப்பா கீது, தண்ணி அர சட்டி காலி." இதைச் சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் எங்களைப் பைத்தியம் என்பார்கள். எனக்கோ லன்ச் நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து அதைக் கேட்டால்தான் சோறு இறங்கும்.

போன மாதம் ஒருநாள் நான் ஏ ஷிப்ட்டில் இருந்தேன். கேன்டீனில் போனைக் காதில் வைத்தேன். அவள் வேலைக்குக் கிளம்பும் முன் அனுப்பிய மெசேஜ். நாயைப் பற்றிச் சொல்லி முடித்தாள். ரெண்டும் போய்விட்டான், நன்றாகத் தண்ணீர் குடித்தான். அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

"கண்ணால பாத்ததத்தான் சொல்லணும்னு பேசிக்கினோம்ல. எனக்கும் எரியுது. ரெண்டு மாசமா. இன்னிக்கி ரத்தம் கலந்து வந்துச்சி, பீட்ரூட்லாம் சாப்டல. லைன்ல என் எடத்துல நிக்க ஆள் வந்தாத்தான் பாத்ரூம் போவ முடியும், ஆளு எங்க வருது? அதனால தண்ணியே குடிக்கறது இல்ல. டாக்டரம்மா நாய்க்கி சொன்னாங்கள்ல, அதெல்லாம் எனக்கும் சேத்து சொன்ன மாதிரிதான் இருந்துச்சி. நீ கேக்கும்போதெல்லாம் ஓகேன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். ஓகே இல்ல."

சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"பஸ் ஏறிட்டியா?"

"ரோட்டுக்கு வந்துட்டேன். பஸ் வர டைம்தான்."

"ஏறாத."

"திடீர்னு லீவு போட்டா லைன்ல கத்துவாங்க."

"கத்தட்டும். நீ வூட்டுக்கு திரும்பு. நான் வரேன், ஆஸ்பத்திரிக்கி போலாம்."

"ஷிப்ட் முடியல, உன்ன எப்டி விடுவாங்க?" என்றாள். "இன்னான்னு சொல்லிட்டு வருவ?"

போனை வைத்துவிட்டு நேராக பிரஸ் ஷாப்புக்குப் போனேன். சூப்பர்வைசர் கையிலிருந்த பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், வழக்கம்போல, "இன்னாப்பா, லைன் ஓகேவா?" என்றார்.

"லைன் ஓகே சார். வூட்ல ஓகே இல்ல. நான் கெளம்பறேன்" என்றேன்.